விலங்குகளின் பொழுது: ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் பயணம்

ஆஸ்திரேலியாவின் கடற்கரை நகரங்களை விட்டு உள்ளே செல்லச் செல்ல மழை குறைந்து, ஊர்கள் அருகி, மாட்டுப் பண்ணைகளும் பழங்குடி மக்களின் நிலங்களும் புதர்வெளியும் மணற்பாலையுமாகப் பரந்து கிடக்கும் பெருவெளியை அந்நாட்டார் ‘அவுட்பேக்’ என்கின்றனர். இதற்கு வரையறுத்த எல்லை கிடையாது. அடுத்த பெட்ரோல் நிலையம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை எங்கே தொடங்குகிறதோ அங்கே அவுட்பேக் தொடங்கிவிட்டதாகப் பயணி கொள்ளலாம். இப்பெருவெளியைக் கடக்கப் பல தடங்கள் இருப்பினும், முதன்முறை செல்பவருக்குப் பரிந்துரைக்கத்தக்கது தெற்கே போர்ட் அகஸ்டாவில் தொடங்கி, கூபர் பீடி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், டெனன்ட் கிரீக், கேத்தரின் ஆகிய ஊர்கள் வழியாக வடக்கே டார்வினில் முடியும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையே ஆகும். 1861-62-ஆம் ஆண்டுகளில் கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடந்து மீண்ட ஜான் மெக்டவால் ஸ்டூவர்ட்டின் பெயரைத் தாங்கிய இச்சாலை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளமுடையது; முழுவதும் தார் போடப்பட்டது; தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ளதுபோல் இங்கும் வண்டிகள் இடப்பக்கமே செல்கின்றன என்பதால் அந்நாடுகளில் ஓட்டிப் பழகியவர் புதிதாகக் கைப்பழக்கம் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

சாலை அவ்வளவு எளியது என்பதே இதிலுள்ள பொறியுமாகும். வளைவும் நெரிசலும் குறைந்த இச்சாலையில் ஆபத்து எதிரிலிருந்து வருவதைவிடப் பக்கவாட்டிலிருந்தே அதிகம் வருகிறது. அதுவும் பெரும்பாலும் உயிருள்ள உருவத்தில் வருகிறது. எந்த விலங்கு, எந்தப் பொழுதில், எதை நாடிச் சாலையோரத்துக்கு வருகிறது என்று அறிந்தவரே மோதலைத் தவிர்க்கிறார்; அதை அறிந்தவருக்கே விலங்கு கண்ணிலும் படுகிறது. எனவே பாதுகாப்புக்கு ஒரு பாடம், விலங்கு பார்ப்பதற்கு வேறொரு பாடம் என்று பிரிக்காமல் இரண்டையும் ஒன்றாகவே இவ்வத்தியாயம் எடுத்துரைக்கிறது.

பருவமும் பொழுதும்

மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே இப்பயணத்துக்கு உரியவை. கோடையில் நடுப்பகுதியின் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது இயல்பு. நெடுஞ்சாலைக்குக் கிழக்கே உள்ள ஊட்னடட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 பாகை பதிவாயிற்று. வடக்குப் பகுதியிலோ நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவமழை பெய்து, தாழ்வான இடங்களில் வெள்ளம் சாலையை மூடிவிடும். குளிர்காலத்தில் இவ்விரு தொல்லையும் இல்லை; ஆனால் பாலை என்றாலே வெப்பம் என்று எண்ணி மெல்லிய ஆடையுடன் வருபவர், ஜூலை மாதத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இரவு வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே இறங்கக்கூடும் என்பதையும், காலை எட்டரை அளவில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் விரல்களை அக்குளிர் எவ்வாறு விறைக்கச் செய்யும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பகல் ஏற ஏறக் கழற்றிவைக்கத்தக்க அடுக்கடுக்கான உடைகளே இங்குப் பயன்படும்.

தென்கோளத்தில் பயணம் செய்து பழகாதோர் எதிர்பாராத மற்றொன்று சூரியனின் திசை. இங்குக் குளிர்கால நண்பகலில் சூரியன் வடக்கு வானில் தாழ்ந்து நிற்பதால், போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்பவரின் கண்ணில் அது பகலின் பெரும்பகுதியும் நேராக விழுகிறது. நிறமேற்றிய முகக்கண்ணாடியோ நெற்றியில் நிழல் தரும் விளிம்புடைய தலைக்கவசமோ இன்றியமையாதது. மங்கலான வேளைக்கு நிறமற்ற கண்ணாடி ஒன்றும் கைவசம் இருக்க வேண்டும். தலைக்கவசத்தில் மற்றொரு செய்தியும் உண்டு. ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தர எண் 1698-ஐயோ ஐரோப்பிய இ.சி.இ. 22.05, 22.06 தரங்களில் ஒன்றையோ பெற்ற கவசமே அங்கு ஏற்கப்படும், இந்தியாவின் ஐ.எஸ்.ஐ. முத்திரை மட்டும் உள்ள கவசத்தை அணிந்து செல்வது சட்டப்படி கவசமின்றிச் செல்வதற்கு ஒப்பாகும். ஓட்டுநர் உரிமத்தில் மோட்டார் சைக்கிள் வகை குறிக்கப்பட்டிருப்பதையும், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி உடன் இருப்பதையும் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது பொழுது. சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழிந்த பின்னரே வண்டியை எடுப்பது, மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே நிறுத்திவிடுவது என்ற விதியை எக்காரணத்தாலும் மீறலாகாது. ஜூன் மாதத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சூரியன் காலை ஏழேகால் மணியளவில் உதித்து மாலை ஆறு மணியளவில் மறைகிறது; எனவே ஓட்டுவதற்குக் கிடைப்பது எட்டேகால் முதல் ஐந்து வரையிலான பொழுது மட்டுமே. அதில் பெட்ரோலுக்கும் உணவுக்கும் இடுப்பை நிமிர்த்துவதற்குமான நேரத்தைக் கழித்தால், ஒரு நாளில் 450 முதல் 550 கிலோமீட்டர் வரை செல்வதே நிதானமான கணக்காகும். போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பீடி ஏறத்தாழ 540 கிலோமீட்டர் என்பதால் முதல் நாளே அந்த மேல்வரம்பைத் தொட்டுவிடுகிறது. வடக்கு ஆட்சிப்பகுதியில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை செல்லச் சட்டம் இடந்தந்தாலும், 100 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடுகிறது. புதரிலிருந்து ஒரு விலங்கு சாலைக்கு வர அந்த ஒரு நொடி போதும். இந்நெடுஞ்சாலையை நான்கைந்து நாளில் முடித்ததாகச் சொல்பவர் பார்த்தது சாலையை மட்டுமே. பத்து நாள் ஒதுக்குவது ஆடம்பரம் ஆகாது.

கங்காரு

நடுப்பகுதியில் பெரிதும் காணப்படுவது செங்கங்காரு. கங்காரு வகைகளுள் இதுவே மிகப் பெரியது. வளர்ந்த ஆண் நிமிர்ந்து நின்றால் ஒரு மனிதன் உயரமும் 85 கிலோ வரை எடையும் உடையது. பெண் அதனினும் சிறியது, பல இடங்களில் நீலம் கலந்த சாம்பல் நிறமுடையது. 1770-இல் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் பழுதுபார்க்கப்பட்ட எண்டெவர் ஆற்றங்கரையில் வழங்கிய கூகு யிமிதிர் மொழியில், ஒருவகைக் கங்காருவைக் குறித்த ‘கங்குரு’ என்ற சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது. ‘தெரியாது’ என்று உள்ளூர்க்காரர் சொன்ன விடையே பெயராகிவிட்டது என்னும் கதை இன்றும் சுற்றுலா வழிகாட்டிகளின் வாயில் உலவினாலும் அது வெறும் கதைதான்.

பகல் வெயிலில் கங்காரு ஓடித் திரிவதில்லை. நம் ஊர்க் கருவேலத்துக்கு உறவான முல்கா மரங்களின் சிறு நிழலில், மேல்மண்ணை முன்கால்களால் பறித்துவிட்டு, அடியிலுள்ள குளிர்ந்த மண்ணில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்கும். வெப்பம் மிகும்போது தன் முன்கைகளை நக்கி ஈரமாக்கிக்கொள்ளும். தோலுக்கு அணுக்கமாக இரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கும் இடம் அதுவாதலால், எச்சில் உலரும்போது இரத்தம் குளிர்கிறது. படுத்த நிலையிலும் இரு காதுகளும் தனித்தனியே திரும்பிக்கொண்டேயிருக்கும். சாலையில் கடக்கும் வண்டியை அது வண்டியோட்டி அறியும் முன்பே கேட்டுவிடுகிறது. மாலையில் எழுந்து மேயத் தொடங்கும்போது வாலையே ஐந்தாவது காலாக ஊன்றி, பின்கால்கள் இரண்டையும் ஒருசேர முன்னே வீசி நகரும் அதன் மெதுநடை, தாவலைக் காட்டிலும் பார்க்கத்தக்கது.

அந்த மேய்ச்சல் ஏன் சாலையோரத்திலேயே நடக்கிறது என்பதை அறிவது முக்கியம். தார்ச்சாலையில் விழும் சிறு தூறலும் மண்ணுக்குள் இறங்க வழியின்றி இருபுறமும் வழிந்தோடுவதால், சுற்றிலும் காய்ந்து கிடக்கும் காலத்திலும் சாலையின் விளிம்பில் மட்டும் இளம்பசும் புல் கீற்றாக முளைக்கிறது. வறட்சி கூடக் கூட அந்தக் கீற்றின் மதிப்பும் கூடுகிறது. ஆகவே, ஓரத்துப் புல் சுற்றுப்புறத்தைவிடப் பசுமையாகத் தெரியும் இடங்களில், குறிப்பாக மேகமூட்டமோ குளிரோ மிகுந்து பகலிலும் கங்காருக்கள் மேயும் நாட்களில், வேகத்தை 80-க்குக் குறைப்பது நல்லது.

குறுக்கே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அனுபவமுள்ளோர் கூறும் விடை ஒன்றே: கைப்பிடியைத் திருப்பி விலக முயலாமல், வண்டியை நேராக நிமிர்த்தி வைத்துக்கொண்டு, இரு பிரேக்குகளையும் படிப்படியாக இறுக்கி இயன்றவரை வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒரே தாவலில் 8 மீட்டர் கடக்கவல்ல அவ்விலங்கு எத்திசையிலும் திரும்பக்கூடும் என்பதால், வண்டியோட்டி விலகும் பக்கத்துக்கே அதுவும் வரலாம். சாலையின் விளிம்பைத் தாண்டினால் உருளும் சரளையில் வண்டி சறுக்குவது உறுதி. ஒன்று கடந்துவிட்டால் ஆபத்து நீங்கியது என்று உடனே வேகத்தைக் கூட்டுவதே பலர் செய்யும் பிழை. கங்காருக்கள் கூட்டமாக வாழ்வதால் முதலாவதன் பின்னே இன்னொன்று வரும் என்றே கொள்ள வேண்டும். வண்டியின் முன்புறம் பொருத்தும் மீயொலிக் கருவிகள் கங்காருவை விரட்டும் என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். சோதித்துப் பார்த்த ஆய்வில் அத்தகைய கருவியால் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை.

அடிபட்டு இறந்த கங்காருக்கள் இச்சாலையில் அன்றாடக் காட்சி. போக்குவரத்து இல்லாத, இருபுறமும் நெடுந்தொலைவு தெரியும் இடமாயின், வண்டியைச் சாலைக்கு வெளியே நிறுத்திவிட்டு, அண்மையில் இறந்த பெண்ணின் பையைச் சோதித்துப் பார்ப்பது அந்நாட்டார் கடைப்பிடிக்கும் வழக்கம். தாய் இறந்த பின்னும் குட்டி உள்ளே உயிரோடிருப்பதுண்டு. உரோமம் முளைக்காத குட்டி முலைக்காம்பைக் கவ்வியிருந்தால் பிடுங்கி எடுக்கலாகாது, வாய் கிழிந்துவிடும். வெளியே கிடைத்த குட்டியைத் துணிப்பையில் சுற்றி உடற்சூட்டில் வைத்து, அடுத்த ஊரிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ வனவிலங்குக் காப்பாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பசும்பால் அதற்குச் செரிக்காது, கொடுக்கக் கூடாது.

ஈமு, கழுகு, ஒட்டகம், மாடு

கொங்கு மண்டலத்தில் 2012-இல் சரிந்துபோன பண்ணைத் திட்டங்களால் ‘ஈமு கோழி’ என்று தமிழ்நாட்டில் கசப்போடு அறிமுகமான பறவையை அதன் சொந்த நிலத்தில் காண்பது வேறு அனுபவம். ஏறத்தாழ 1.9 மீட்டர் வரை உயர்ந்து, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய ஈமு, கங்காருவைப் போலன்றிப் பகலில் நடமாடுவது. ஆகவே பொழுது பற்றிய மேற்கண்ட விதி இதனிடமிருந்து காப்பதில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் விலகி ஓடுவதுபோல் போக்குக் காட்டி, வேலியோரமாகச் சற்று இணையாக ஓடி, திடீரெனத் திரும்பிச் சாலையைக் கடப்பது அதன் இயல்பு. குளிர்காலத்தில் ஆண் ஈமுவே எட்டு வாரம் போல உணவின்றி அடைகாத்து, உடலெங்கும் கோடுகளுள்ள குஞ்சுகளைப் பல மாதம் தானே அழைத்துத் திரிகிறது. பெரிய பறவை கடந்துவிட்ட பின்னும் சாலை மட்டத்தில் குஞ்சுகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும் என்பதால், முழுவதும் நின்றுவிடுவதே முறை. எஞ்சினை நிறுத்திவிட்டு அசையாதிருந்தால், புதுமையை அறியும் ஆவல் மிக்க அப்பறவை நெருங்கி வந்து பார்ப்பதும் உண்டு.

விரித்த சிறகு 2.3 மீட்டர் அளவுள்ள ஆப்புவால் கழுகு, அடிபட்ட விலங்குகளை உண்ணச் சாலைக்கு வருகிறது. பிணத்தின்மேல் கூடியிருக்கும் காகங்கள் வண்டி மிக நெருங்கும்வரை பொறுத்திருந்து இரண்டடி தத்தி விலகி, கடந்ததும் திரும்பவும் வந்தமரும். கழுகால் அது இயலாது. வயிறு நிறைந்த கழுகு, தலையைத் தூக்கிப் பார்த்து, தயங்கி, சில அடி ஓடி, காற்றை எதிர்த்துச் சிறகடித்து, சாலையின் மேலேயே தாழ்வாகப் பறந்துதான் எழும்புகிறது. அந்த உயரம் மோட்டார் சைக்கிளில் அமர்ந்தவரின் மார்பு உயரம். ஆகவே தொலைவில் பிணம் தென்பட்டவுடனே ஹாரனை ஒலித்து வேகத்தைக் குறைத்து, கழுகு எழுந்து ஒதுங்கும்வரை பொறுக்க வேண்டும். இயலுமாயின் பிணத்தை இழுத்து ஓரத்தில் போடுவது கழுகுக்கும் அடுத்து வருபவருக்கும் செய்யும் உதவி.

ஆஸ்திரேலியப் பாலையின் ஒட்டகங்கள் அங்குப் பிறந்த இனமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய இந்தியத் துறைமுகங்கள் வழியாகக் கொண்டுவரப்பட்ட அவற்றை, பலுசிஸ்தான், பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பகுதிகளிலிருந்து வந்த ஒட்டகக்காரர்கள் சரக்குச் சுமக்க நடத்தினர். எல்லோரையும் ‘ஆப்கான்’ என்றே அழைத்த வழக்கின் எச்சமாக, இன்று அடிலெய்டிலிருந்து டார்வின் செல்லும் ரயிலுக்கு ‘தி கான்’ என்ற பெயர் நிற்கிறது. 1920-களுக்குப் பின் லாரிகள் வந்ததும் வேலையிழந்த ஒட்டகங்கள் அவிழ்த்துவிடப்பட்டுக் காட்டு ஒட்டகங்களாயின. எந்த மோட்டார் அவற்றை விரட்டியதோ அதன் குறுக்கேதான் அவை இன்று வந்து நிற்கின்றன. மாடுகளும் அவ்வாறே. நெடுஞ்சாலைக்குக் கிழக்கே உள்ள ஆனா கிரீக் பண்ணை 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. இத்தகைய பண்ணைகளில் வேலி போடுவது இயலாத செயல் என்பதால் மாடுகள் சாலையில் உலவுவதைக் குற்றமாகக் கருதுவோர் இல்லை. கருநிற மாடு அந்திக்குப் பின் கண்ணுக்குத் தெரியாது என்பதே, மாலை ஐந்து மணி விதிக்கு மற்றொரு காரணம்.

ரோடு டிரெயின்

ஒரே இழுவை லாரியின் பின்னே மூன்று நீண்ட பெட்டிகளைக் கோத்து ஓட்டும் சரக்கு வண்டிக்கு ‘ரோடு டிரெயின்’ என்று பெயர். இச்சாலையில் அதன் நீளம் 53.5 மீட்டர் வரை இருக்கலாம். அது விலங்குக்காகப் பிரேக் போடுவதுமில்லை, விலகுவதுமில்லை. அவ்வளவு பாரத்தோடு அது இயலாது. எதிரே வரும்போது முதலில் ஒரு காற்றலை மார்பில் அறையும், கடந்ததும் வெற்றிடம் உள்ளிழுக்கும். முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை இறுக்கி, உடலைத் தாழ்த்தி, கைகளைத் தளர்வாக வைத்துக்கொண்டால் வண்டி தானே நேராகிவிடும். முந்துவதற்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குத் தெளிவான பாதை தெரிய வேண்டும். ஐயமிருந்தால் ஓரமாக நிறுத்தித் தேநீர் குடிப்பதே மேல், அடுத்த ஊரில் அந்த லாரியும் நின்றிருக்கும். மண்சாலைகளில் அது எழுப்பும் புழுதியில் எதுவும் தெரியாது என்பதால் அங்கு முந்துதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெட்ரோலும் தண்ணீரும் உதவியும்

பெட்ரோல், உணவு, படுக்கை மூன்றும் கிடைக்கும் சாலையோர விடுதிகளை ‘ரோட்ஹவுஸ்’ என்பர். இந்நெடுஞ்சாலையில் நெடிய இடைவெளி கிளெண்டாம்போவுக்கும் கூபர் பீடிக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 254 கிலோமீட்டர். மற்ற இடங்களில் பெரும்பாலும் 200-க்குள் அடுத்த நிலையம் வந்துவிடும், ஆனால் நிலையங்கள் மூடப்படுவதும் உண்டாதலால் முந்தைய ஊரிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னையை அடுத்த ஆலைகளில் உருவாகி ஆஸ்திரேலியாவிலும் விற்பனையாகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ எடுத்துக்கொண்டால், அதன் 17 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 25 கிலோமீட்டர் என்ற கணக்கில் 425 கிலோமீட்டர் வரை தாங்கும். எனினும் எதிர்க்காற்றும் பக்கப் பெட்டிகளும் அதிவேகமும் சேர்ந்தால் இக்கணக்கில் கால் பங்கு எளிதில் கரைந்துவிடும்; ஆகவே எந்த வண்டியாயினும் 5 லிட்டரைத் தனியே கொண்டு செல்வதும், கடந்து செல்லும் ஒவ்வொரு நிலையத்திலும் டேங்கை நிரப்புவதும் நன்று. சில நிலையங்களில் வழக்கமான பெட்ரோலுக்குப் பதிலாக ‘ஓபல்’ என்ற வகை கிடைக்கும். பெட்ரோல் ஆவியைப் போதைக்காக முகர்ந்து பழங்குடி இளைஞர் பலர் உயிரிழந்ததை அடுத்து, போதை தரும் அரோமாட்டிக் சேர்மங்களைக் குறைத்து 2005-இல் அறிமுகமான எரிபொருள் அது. 91 ஆக்டேன் வண்டிகளுக்குக் கேடின்றிப் பயன்படும். 95 ஆக்டேன் கேட்கும் வண்டியை வைத்திருப்பவர் இந்தப் பாதையில் எப்போதும் அது கிடைக்கும் என்று நம்பியிருக்கலாகாது.

தண்ணீரை ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வீதம், பழுதாகி ஒரு நாள் காத்திருக்க நேர்ந்தாலும் போதுமானபடி கொண்டு செல்ல வேண்டும். பழுதானால் வண்டியை விட்டு நடந்து போகலாகாது. வானிலிருந்து தேடுவோருக்கு வண்டி தெரியும், புதருக்குள் நடக்கும் மனிதர் தெரியமாட்டார். கைப்பேசி அலை ஊர்களைச் சுற்றி மட்டுமே எட்டுவதால் அவசர எண் 000-ஐ எல்லா இடத்திலிருந்தும் அழைக்க இயலாது; 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்கு இருப்பிடத்தை அறிவிக்கும் கையடக்க அவசரக் கருவி ஒன்றை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ உடலிலேயே, வண்டியின் பெட்டியில் அல்லாமல், அணிந்திருக்க வேண்டும். காயம் பெரிதாயின் வருவது பெரும்பாலும் விமானமாகவே இருக்கும். ஜான் ஃபிளின் 1928-இல் தொடங்கிவைத்த பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் இப்பெருவெளிக்கு ஆதாரமாக இருக்கிறது.

வண்டியைப் பொறுத்தவரை, பஞ்சர் ஒட்டும் கருவிகளும் சிறு காற்றடிப்பானும் மாற்று பிரேக், கிளட்ச் நெம்புகோல்களும் போதும். தார்ச்சாலையிலேயே செல்பவருக்கு அதற்குமேல் சுமை வேண்டாம். ஊட்னடட்டா தடம் போன்ற மண்சாலைக் கிளைகளில் இறங்குவோர் மட்டும், சாலையின் குறுக்கே துணி துவைக்கும் கல்லின் வரிபோல் எழும் அலைமேடுகளையும், ‘புல்டஸ்ட்’ எனப்படும், மாவைப் போன்று நுண்ணிய புழுதி நிரம்பி மேற்பார்வைக்குச் சமதளமாய்த் தோன்றும் குழிகளையும் எதிர்பார்க்க வேண்டும். அங்கு ஏர் ஃபில்டரை அன்றாடம் தட்டிச் சுத்தம் செய்வதும், செயினுக்கு எண்ணெயை அளவோடு இடுவதும் தேவை. மிகையான எண்ணெயில் மணல் ஒட்டினால் அது அரத்தின் வேலையைச் செய்யும். மழைக்குப்பின் மூடப்பட்ட தடத்தில் செல்வோருக்கு அபராதம் கடுமையானது. பழங்குடியினர் நிலங்களின் ஊடே செல்லும் சில தடங்களுக்கு முன்அனுமதி பெற்றாக வேண்டும்.

நின்று பார்க்கத்தக்க இடங்கள்

விடியலுக்கும் புறப்பாட்டுக்கும் இடையே கிடைக்கும் அந்த ஒரு மணி நேரமே நாளின் சிறந்த பகுதி. வண்டியைத் தொடாமல், நடந்து சென்று நீர்நிலை அருகில் அமர வேண்டும். சென்னைக் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கூண்டில் விற்கப்படும் பட்ஜரிகர் கிளிகள், இங்குத் தம் இயல்பான பச்சை நிறத்தில் நூற்றுக்கணக்காகத் திரண்டு, ஒரே உடல்போல் சுழன்று, மாட்டுத் தொட்டியின் விளிம்பில் இறங்கிக் குடித்துவிட்டுச் செல்வது பெரும்பாலும் காலையிலேயே. அவற்றோடு வரும் வரிக்குருவிகளான ஃபின்ச்சுகள் தண்ணீரை விட்டு நெடுந்தொலைவு செல்லாதவை. அவற்றின் கீச்சொலி கேட்டால் அருகே நீர் உண்டு என்று உள்நாட்டார் கொள்வர்.

நெடுஞ்சாலையிலுள்ள எர்ல்டண்டாவில் மேற்கே பிரியும் சாலை ஏறத்தாழ 250 கிலோமீட்டரில் உளுரு என்னும் பெரும்பாறையை அடைகிறது. 1985-இல் அப்பகுதிப் பழங்குடியினரான அனாங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட அப்பாறையின்மேல் ஏறுவது 2019 அக்டோபர் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. அடிவாரத்தைச் சுற்றி நடப்பதே தகும். இவ்வழியில் செம்மணல் மேடுகளின் ஓரம் நிற்கும் பாலை ஓக் மரம், பெயருக்கு ஓக் என்றாலும், தமிழ்க் கடற்கரைச் சவுக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்று வீசும்போது எழும் இரைச்சல் அச்சு அசல் சவுக்குத் தோப்பின் இரைச்சலே. இளமரம் ஒட்டடைக்கோல்போல் ஒடுங்கி நின்று, வேர் ஆழத்து நீரைத் தொட்ட பின்னரே கிளை விரிக்கிறது. ஆகஸ்ட் இறுதியிலிருந்து இச்சாலைகளில் முட்பல்லி தென்படலாம். சிறிய உருவமுள்ள அது ஒவ்வோர் அடிக்கும் முன்பின்னாக ஆடி ஆடி நடப்பதால் காய்ந்த சருகு என்று எண்ணி ஏற்றிவிடுவோர் பலர். அதன் தோலின் முட்களிடையே ஓடும் நுண்கால்வாய்கள், ஈரமணலில் நின்றாலே நீரை வாய்வரை இழுத்துத் தருகின்றன.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே 20 கிலோமீட்டருக்குள் உள்ள சிம்சன்ஸ் கேப் என்னும் பாறைப்பிளவில், இளவெயில் ஏறும்போது சிறிய கங்காரு வகையான கருவிலாப் பாறை வாலபிகள் கற்களுக்கிடையே தாவுவதைக் காணலாம். இரவில் ஓட்டுவதில்லை என்ற விதியால் பயணி இழக்கும் பில்பி முதலிய இரவு விலங்குகளை அவ்வூரின் ‘டெசர்ட் பார்க்’ பூங்காவில், பகலை இரவாக மாற்றிய இருட்டுக் கூடத்தில் பார்த்து ஈடுசெய்துகொள்ளலாம். அதற்கு ஒரு முழு நாள் தருவது தகும்.

வடக்கு

டெனன்ட் கிரீக்கைத் தாண்டியபின் மண்ணும் மரமும் மெல்ல மாறி, ஆளுயரக் கறையான் புற்றுகள் சாலையோரம் அணிவகுக்கின்றன. குளிராடைகள் பெட்டிக்குள் போய்விடும். மட்டரங்காவின் வெந்நீர்ச் சுனையில் இடுப்புவலி தீரக் குளிக்கலாம். ஆனால் அதற்கு வடக்கே, நீச்சலுக்கு உகந்தது என்ற பலகை இல்லாத எந்த நீரிலும் கால் வைக்கலாகாது. உவர்நீர் முதலை கடலிலிருந்து ஆற்றின் வழியே நெடுந்தூரம் உள்நாட்டுக்கு வரும். தண்ணீர் தெளிவாக இருப்பதோ ஆழமின்றி இருப்பதோ பாதுகாப்புக்கு அடையாளமன்று. முகாமும் கரையிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும்.

குளிர்கால மாதங்களில் இப்பகுதியில் புல்வெளிக்குத் தீயிடுவது பழங்குடியினரின் நெடுங்கால நிலப் பராமரிப்பு முறை. தாமாகப் பற்றும் தீயும் உண்டு. சாலையின் குறுக்கே புகை படர்ந்திருந்தால் அதனுள் நுழையக் கூடாது. உள்ளே நிற்கும் வண்டியும் தெரியாது, தீயிலிருந்து தப்பி ஓடிவரும் வாலபியும் தெரியாது. காற்று வரும் பக்கமாக, புல் இல்லாத வெற்றுத்தரையில் வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அவ்வேளையில் தலைக்குமேல் வட்டமிடுபவை, சென்னை வானில் பறக்கும் அதே இனத்துக் கரும்பருந்துகள். புகையின் விளிம்பில் தாழ்ந்து, தீக்கு அஞ்சி வெளிப்படும் வெட்டுக்கிளியையும் பல்லியையும் காலால் அள்ளி, பறந்தபடியே கொத்தித் தின்னும். அவற்றுள் சில, எரியும் குச்சியைத் தூக்கிச்சென்று தீயெட்டாத புல்லில் போட்டு இரையைக் கிளப்புகின்றன என்பது வடபுலப் பழங்குடியினர் நெடுங்காலமாகச் சொல்லிவந்த செய்தி. 2017-இல் அது ஆய்விதழிலும் பதிவாயிற்று. புகை கலைய அரை மணி நேரம் ஆகலாம். எஞ்சினை அணைத்துவிட்டு, சாலையின் மறுபக்கத்திலும் புதிதாகப் புகை எழுகிறதா என்பதை மட்டும் அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டால் போதும்.